மடம் ஏற்றும் கொடி

கொடியேற்றத்துக்கு இன்னும் ஐம்பத்தொரு மணித்தியாலம் இருந்தது. புதன்கிழமை பின்னேரம். கியூபெக்கில், செயின்ட்-மிஷேலில் இரண்டாம் மாடி வீடு ஒன்றின் குசினியில் திரேசம்மா கொடியின் கடைசி ஓரத்தைத் தைத்துக்கொண்டிருந்தார். மேலே நீலம், கீழே வெள்ளை. சாட்டின் துணி. ஓகஸ்ட் வெக்கையில் விரல் வியர்த்தால் துணியில் அடையாளம் விழும். அதனால் ஒரு சோசரில் முகப்பவுடர் கொட்டி வைத்திருந்தார். நாலைந்து தையலுக்கு ஒரு தடவை விரலை அதில் தொட்டுக்கொண்டார்.

இந்தக் கொடிக்கு அந்த வீடு ஒன்பது வருடம் காத்திருந்தது. பங்கில் தமிழ் ஆட்கள் எடுக்கும் மடுமாதா பெருநாளுக்கு ஒவ்வொரு வருடமும் புதுக்கொடி. ஒரு வருடம் ஒரு குடும்பம். தைத்த குடும்பம் அதைத் தட்டில் வைத்துக் கோயில் வாசலில் கொடியேற்றுகிறவரின் கையில் கொடுக்கும். கொடுத்தால்தான் ஏறும். யாரிடம் கொடுப்பது என்று இதுவரை யாரும் யோசித்ததில்லை. பங்குத்தந்தை நிற்பார். கொடுப்பார்கள்.

இந்த வருடம் பங்குத்தந்தை இல்லை. கிழவர் பனிக்காலத்தோடு ஓய்வுக்குப் போய்விட்டார். அவருக்குப் பதில் ஆள் இல்லாததால் ஆயரின் மேற்றிராசனம் பங்கை மடம் ஈவ்றோஸிடம் கொடுத்தது. ஹெயிட்டிக்காரி, ஐம்பத்துநாலு வயது, உயரமான மனுசி. பிரெஞ்சு 'மதாம்' தமிழ் ஆட்களின் வாயில் மடம் ஆகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை வேறு பங்கிலிருந்து ஒரு பாதர் வந்து பூசை வைத்துவிட்டுப் போவார். மற்றதெல்லாம் மடம். நோயாளிகளைப் பார்ப்பது, செத்த வீட்டில் செபம் சொல்வது, கொதிகலன் நின்றால் அதற்கு ஆள் பிடிப்பது, படியில் பனி தள்ளுவது. அந்தக் கோயில் கட்டிய நாளிலிருந்து அந்தக் கதிரையில் ஒரு பெண் இருந்ததில்லை. கறுப்பு ஆள் எவரும் இருந்ததில்லை. அறிவிப்புப் பலகையில் அவருடைய பெயரை ஒட்டியபோது சிலர் இரண்டு தரம் வாசித்தார்கள்.

வெள்ளிக்கிழமைகளில் அந்தப் பாதருக்கு வேறு இரண்டு கோயில். அதனால் போன ஞாயிறு துணியை ஆசீர்வதித்துவிட்டு, ஏற்றுவது மடம் என்று சொல்லிவிட்டுப் போனார். பெருநாளை நடத்தும் தமிழ்ச் சபையில் அன்றைக்கே இதைப் பற்றிக் கூட்டம் தொடங்கியது.

திரேசம்மாவின் புருசன் எமிலியானுஸ் நாலரைக்கு வந்தார். துறைமுகத்துக்குப் பக்கத்தில் கொள்கலன் இறக்கும் களஞ்சியத்தில் போர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். விடிய ஐந்து மணிக்குத் தொடங்கும் வேலை. முகம் கழுவி, சோற்றில் பாரைமீன் குழம்பை ஊற்றிக்கொண்டு இருந்தார்.

"சபையில இருந்து றெனோல்ட் போன் எடுத்தவன்" என்றார்.

"எனக்கும் அடிச்சவன். நான் எடுக்கேல்ல."

"வில்லரேயில ஒரு ஹோல் எடுத்திருக்கினமாம். ரொறன்ரோவில இருந்து ஒரு பாதரைக் கூப்பிட்டிருக்கினமாம். கொடியை அங்க கொண்டு வரட்டாம்."

"கோயில் எங்க இருக்கு?"

"திரேசம்மா."

"இல்ல, கேக்கிறன். கோயில் செயின்ட்-மிஷேலில. கொடி வில்லரேயில. மாதா பஸ் எடுத்துப் போறதே?"

எமிலியானுஸுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்காமல் மீனில் முள் எடுத்தார். மடத்தின் மேல் தனக்கு ஒரு குறையும் இல்லை என்றார். தனக்கு நாரி பிடித்து, இடுப்பு அசைக்க ஏலாமல் கிடந்தபோது மூன்று கிழமை வந்து பார்த்த மனுசி என்றும் அவரே சொன்னார்.

"பேந்தென்ன?"

"சபைக்கு வெளியில போய் நிண்டா என்ன கதை கிளம்பும் எண்டு தெரியாது. எங்களுக்கு ஒரு பொம்பிளைப் பிள்ளை இருக்கு."

"அவளுக்கு இருபத்தாறு வயசு. அவளுக்கே சொல்லாமல் வைச்சிருக்கிறது நீங்கள்."

எமிலியானுஸ் அறைக் கதவைப் பார்த்தார். உள்ளே மகள் றொஷினி யாரோடோ பிரெஞ்சில் போனில் கதைத்துக்கொண்டிருந்தாள்.

"அந்தக் கதை இஞ்ச வேண்டாம்" என்றார்.

அந்தக் கதை அந்த வீட்டில் முப்பது வருடத்துக்கு மேல் வேண்டாம் என்றே கிடந்தது. பங்கில் எல்லோருக்கும் தெரிந்தது ஒன்றுதான். எமிலியானுஸின் தகப்பன் மன்னார்ப் பக்கம் ஒரு கோயிலில் மூப்பர். பாதர் இல்லாத நாட்களில் செபம் சொன்னவர். கொடியேற்றத்தில் கயிறு பிடித்தவர். எமிலியானுஸ் வந்த புதிதில் ஒரு கலியாண வீட்டில் இதைச் சொன்னார். அதன்பிறகு அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மற்றவர்கள் சொன்னார்கள்.

வியாழக்கிழமை மூன்று மணிக்கு மடம் ஈவ்றோஸ் வந்தார். வெளி இரும்புப் படியில் அவருடைய கால்சத்தம் கேட்டதும் திரேசம்மா தேத்தண்ணிக்குத் தண்ணி வைத்தார். மடம் ஒரு போத்தல் பிக்லீஸ் கொண்டுவந்திருந்தார். கோவாவும் கரட்டும் உறைப்பு மிளகாயும் வினாகிரியில் ஊறப்போட்ட ஹெயிட்டி அச்சாறு. திரேசம்மா ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்து, உறைப்புக் காணும், கருவாடு இல்லாததுதான் குறை என்றார்.

இருவரும் கதைப்பது றொஷினிக்கே சில நேரம் விளங்காது. திரேசம்மா இருபது வருடம் ஹெயிட்டிப் பெண்களோடு ஒரு தையல் தொழிற்சாலையில் இருந்தவர். அவருடைய பிரெஞ்சு பள்ளிக்கூடத்தில் படித்த பிரெஞ்சு அல்ல. பாதி கிரெயோல், ஹெயிட்டிக்காரரின் பேச்சு. மடத்தின் தாயும் அப்படி ஒரு தொழிற்சாலையில் காற்சட்டைக்குச் சிப் வைத்துத் தைத்தவர்தான்.

திரேசம்மா சபையின் முடிவைச் சொன்னார். சொல்லும்போது துணியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். மடம் தேத்தண்ணியைக் கீழே வைத்தார். பிறகு, இது புதிது இல்லை என்று தொடங்கிச் சிலதைச் சொன்னார்.

முதியோர் இல்லத்தில் பத்தொன்பது வருடம் ஆட்களைக் குளிப்பாட்டித் துடைத்தவர் அவர். அந்த வேலையோடு இரவில் இறையியல் படித்தார். முதல் தடவை ஒரு கோயிலில் வாசகம் வாசிக்க ஏறியபோது முன்வாங்கில் இருந்த ஒரு கிழவி எழும்பி வெளியே போனார். மடம் கிழவி கதவைச் சாத்தும்வரை பொறுத்து, முதல் வரியிலிருந்து திரும்ப வாசித்தார். இந்தப் பங்குக்கு வந்த முதல் கிழமை ஒருவர் அவர் கையில் குப்பைப் பையைக் கொடுத்துப் பொறுப்பாளரைக் கூப்பிடச் சொன்னார். மடம் பையைக் கொண்டுபோய்த் தொட்டியில் போட்டுவிட்டு, கை கழுவி வந்து, அவருக்கு முன்னால் மேசைக்குப் பின்னால் இருந்து, "சொல்லுங்கோ, மிசியு" என்றார்.

திரேசம்மா சிரித்தார். பிறகு, சண்டை வேண்டாமென்றால் மடம் ஒரு வருடத்துக்கு விட்டுக்கொடுக்கலாம்தானே, ஏற்றுகிறதை வேறு யாராவது செய்யட்டுமே என்று மெல்லக் கேட்டார்.

"இலையுதிர் காலத்தில மேற்றிராசனத்தில இந்தப் பங்கை வைச்சிருக்கிறதா, இன்னொரு பங்கோட சேர்க்கிறதா எண்டு முடிவெடுக்கப் போகினம். பாதிப் பேர் உங்கட ஆக்கள். பெருநாள் கோயிலை விட்டுப் போனா, இவளால ஏலாது எண்டு எழுதுவினம்" என்றார் மடம். "அதுக்காக மட்டும் இல்ல, தெரேஸ். நான் விட்டுக்கொடுத்தா அவைக்குச் சுகம். ஒருத்தரும் ஒண்டும் சொல்லத் தேவையில்ல. நான் வாசல்ல நிப்பன். என்னை வேண்டாம் எண்டா என்ர முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும்."

பிறகு எழும்பிக் கொடியைத் தனக்குக் காட்டச் சொன்னார். கொடியை எப்படிச் சுருட்டுவது என்று படிக்கத்தான் அவர் வந்தார். பூவிதழை உள்ளே வைத்துச் சுருட்டி, ஒரு இழுமுடிச்சுப் போட்டு ஏற்ற வேண்டும். உச்சிக்குப் போனதும் இரண்டாவது கயிற்றை இழுத்தால் முடிச்சு அவிழ்ந்து, கொடி விரிந்து, பூக் கொட்டும். முடிச்சு இறுகினால் விரியாது. விரியாவிட்டால் வருடம் முழுக்க அதே கதை.

எமிலியானுஸ் அந்த நேரம் வேலையால் வந்தார். மடம் அவரைக் கண்டு சந்தோசப்பட்டார். மூப்பரின் மகன் வந்துவிட்டார், இனி முடிச்சு இவர் காட்டுவார் என்றார். எமிலியானுஸ் கயிற்றைக் கையில் வாங்கினார். ஒரு சுற்றுச் சுற்றினார். பிரித்தார். திரும்பச் சுற்றினார். காதுமடல் வியர்த்திருந்தது. கனகாலம், மறந்துபோச்சு என்று கயிற்றை மேசையில் வைத்துவிட்டுக் கைகழுவப் போனார். கழுவ ஒன்றும் இருக்கவில்லை.

திரேசம்மா அவருடைய முதுகைப் பார்த்தார்.

பின்பக்க பல்கனியிலிருந்து முற்றத்துக் கம்பம்வரை உடுப்புக் காயப்போடும் கயிறு போகிறது. இரண்டு பக்கமும் கப்பி. மடம் அதைப் பார்த்ததும் ஒத்திகை பார்க்கத் தலையணை உறை ஒன்று கேட்டார். பூவுக்குப் பதிலாகக் கடலைப்பருப்பு. றொஷினி அறையிலிருந்து வந்து முடிச்சை யூடியூபில் தேடினாள். படகுக்காரர் போடும் முடிச்சு ஒன்று சரியாக வரும்போல இருந்தது. முதல் தரம் இறுகிவிட்டது. இரண்டாம் தரம் பாதிவழியில் அவிழ்ந்து, கீழ் வீட்டுக் கியூபெக் கிழவரின் தலையில் பருப்புக் கொட்டியது. அவர் அண்ணாந்து பார்த்தார்.

"போன்ஜூர், மிசியு. கோயில் வேலை" என்றார் மடம்.

கிழவர் உள்ளே போய் ஒரு தொப்பி போட்டுக்கொண்டு வந்து, அதே கதிரையில் இருந்தார்.

மூன்றாம் தரம் தலையணை உறை கம்பத்தடியில் போய் விரிந்தது. கீழே கிழவர் கை தட்டினார். குசினிக் கதவுக்கு உள்ளே நின்று எமிலியானுஸ் அதைப் பார்த்தார். மடம் போகும்வரை அவர் பல்கனிக்கு வரவில்லை.

ஏழு மணிக்கு அரியரத்தினம் வந்தார், றெனோல்டோடு. அரியரத்தினம் பெருநாள் சபைத் தலைவர். ஓய்வுபெற்றவர். கோட் இல்லாமல் வெளியே போகமாட்டார். றெனோல்ட் செயலாளர். திரேசம்மா வடையும் தேத்தண்ணியும் வைத்தார். வந்தவர்கள் வெக்கையைப் பற்றியும் ரொறன்ரோப் பாதரின் குரலைப் பற்றியும் கொஞ்சம் கதைத்தார்கள். ஹோலில் ஏசி இருக்கிறதாம். வேனுக்குச் சொல்லியாயிற்றாம். கோயிலடிக்கு வருகிற சனத்தையும் ஏற்றிக்கொண்டு போகலாமாம்.

றெனோல்டுக்கு வடை காரம். தண்ணி குடித்துவிட்டு, "இனி என்னக்கா, ஒரு காப்பிலிச்சி ஏத்துற கொடிக்குக் கீழ நிண்டு நாங்கள் கும்பிடுறதே" என்றான்.

திரேசம்மா அவனுக்கு முன்னால் இருந்த வடைத்தட்டை எடுத்துக் குசினிக்குள் கொண்டுபோனார். திரும்பக் கொண்டுவரவில்லை.

அரியரத்தினம் றெனோல்டைப் பார்த்து முகம் சுளித்தார். "அப்பிடிக் கதைக்காதை. நாங்கள் நிறம் பார்க்கேல்ல, எமிலி. அவ நல்ல மனுசி. ஆனா முறை எண்டு ஒண்டு இருக்கு. உமக்கு நான் சொல்லத் தேவையில்ல. கயிறு பிடிச்ச குடும்பம் நீங்கள்."

றொஷினி கதவு நிலையில் சாய்ந்து நின்றாள்.

"அங்கிள், அப்பப்பா மூப்பர் எண்டா, அவர் பாதர் இல்லைத்தானே?"

"இல்லைப் பிள்ளை."

"பாதர் இல்லாத நேரம் செபம் சொல்லி, கோயில் பார்த்தவர்."

"ஓம்."

"மடம் செய்யிறதும் அதுதானே?"

அரியரத்தினம் சிரித்தார். கோபப்படவில்லை. தேத்தண்ணிக் கோப்பையைச் சோசரில் சரியாக வைத்தார். "அவர் எங்கட ஆள், பிள்ளை. குடும்பம் தெரியும், கோத்திரம் தெரியும். ஆர் எவர் எண்டு தெரியாத ஆக்களைக் கொடியில கை வைக்க விடுறேல்ல. அது ஊரிலயும் அப்பிடித்தான், இஞ்சயும் அப்பிடித்தான். அப்பாவைக் கேளும்."

றொஷினி தகப்பனைப் பார்த்தாள். எமிலியானுஸ் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொண்டு வாறன், அண்ணை" என்றார்.

அவர்கள் போன பிறகு றொஷினி தான் ஹோலுக்கு வரமாட்டேன் என்றாள். கோயில் வாசலில் மடத்தோடு தனியாக நிற்கப்போவதாகச் சொன்னாள். எமிலியானுஸ் மறுக்கவில்லை. திரேசம்மா பாத்திரம் கழுவிக்கொண்டு, கொடியைத் தைத்தது தான், தன் கையால் அதை வில்லரேக்குத் தூக்கமாட்டேன், வேண்டுமென்றால் அவரே தூக்கட்டும் என்றார். பிறகு குழாயைப் பூட்டிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ஆர் எவர் எண்டு தெரியாத ஆக்களாம். கேட்டனீங்கள்தானே?"

"கேட்டன்."

"உங்களுக்கு உள்ளுக்க ஒண்டும் செய்யேல்லையா?"

அவர் கழுவின கோப்பையை எடுத்துத் துடைக்கத் தொடங்கினார்.

வெள்ளிக்கிழமை எமிலியானுஸ் வேலைக்குப் போனார். இரண்டு கொள்கலன் பிந்தி வந்ததில் ஐந்து மணிக்குத்தான் வீட்டுக்கு வந்தார். குளித்தார். வெள்ளைச் சேட்டு, கறுப்புக் காற்சட்டை. திரேசம்மா கொடியை முடிச்சுப் போட்டுத் தட்டில் வைத்திருந்தார். உள்ளே றோசாப்பூ இதழ். எமிலியானுஸ் தட்டைத் தூக்குவதற்கு முதல் கையைச் சேட்டில் துடைத்தார். பிறகு காரின் முன்சீட்டில் அதைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, றொஷினியை ஓட்டச் சொன்னார். திரேசம்மா பின்சீட்டில் ஏறினார்.

"எங்க?" என்றாள் அவள்.

"ஓட்டு."

முதல் சிக்னலில் வில்லரேக்கு இடது பக்கம். றொஷினி காத்திருந்தாள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவள் நேரே விட்டாள்.

கோயிலுக்கு முன்னால் நூறு பேருக்கு மேல். பாதிப் பேருக்கு ஹோல் கதை தெரியாது. தெரிந்தவர்களும் என்ன நடக்கிறது பார்ப்போம் என்று வந்திருந்தார்கள். வெயில் இன்னும் இறங்கவில்லை. பெண்கள் விசிறிக்கொண்டு நின்றார்கள். தெருவில் வேன் நின்றது. அதற்குப் பக்கத்தில் றெனோல்ட் சனத்தை ஏறச் சொல்லிக்கொண்டிருந்தான். ஏழெட்டுப் பேர் ஏறியிருந்தார்கள். சனத்தின் பின்வரிசையில் சில ஹெயிட்டிக்காரரும், தொப்பி போட்ட கீழ் வீட்டுக் கிழவரும்.

மடம் ஈவ்றோஸ் மேல்படியில் நின்றார். வெள்ளை அங்கி. கொடிமரத்துக் கயிறு அவருடைய இடது கையில் இருந்தது. அதை அவர் விடவில்லை.

எமிலியானுஸ் தட்டோடு இறங்கியதும் சனம் வழிவிட்டது. அரியரத்தினம் முதற்படியில் நின்றார். ஒரு கையால் வேனைக் காட்டி, மற்றக் கையை எமிலியானுஸின் தோளில் வைத்தார்.

மேலேயிருந்து மடம் பிரெஞ்சில் கதைத்தார். குரல் உயரவில்லை. எல்லோருக்கும் கேட்டது.

"மிசியு அரியரத்தினம். நான் இந்தப் பங்குக்குப் பொறுப்பு. இந்த வாசல்ல நிக்கிறன். நான் ஏன் இதைத் தொடக்கூடாது எண்டு எனக்குச் சொல்லுங்கோ. வேனுக்குச் சொல்லாதேங்கோ. எனக்குச் சொல்லுங்கோ."

அரியரத்தினத்தின் பிரெஞ்சு கடைக்கும் பஸ்ஸுக்கும் காணும். இதற்குக் காணாது. இது எங்கள் வழமை, உங்கள் மேல் கோபமில்லை என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

"என்ன வழமை?" என்றார் மடம்.

சனம் அரியரத்தினத்தைப் பார்த்தது. வேனில் ஏறியிருந்த ஒரு பெண் இறங்கி வந்து கேட்டுக்கொண்டு நின்றாள். அரியரத்தினம் கோட்டின் பட்டனைத் தொட்டார். பிறகு எமிலியானுஸ் பக்கம் திரும்பினார்.

"எமிலி, நீர் சொல்லும். மூப்பற்ர மகன். ஊரில கொடியை ஆர் தொட்டது, ஆர் தொடேல்ல எண்டு நீர் கண்ணால கண்டனீர். இவவுக்கு விளங்கிற மாதிரிச் சொல்லும்."

எமிலியானுஸ் அவருடைய கையைத் தோளிலிருந்து எடுத்துவிட்டார். படியேறினார். மேற்படியில் நின்று தட்டை இரண்டு கையாலும் நீட்டினார். மடம் கயிற்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இரண்டு கையாலும் வாங்கினார். கீழே றெனோல்ட் ஏதோ சொன்னான். யாரோ அவனை வாயைப் பொத்தச் சொன்னார்கள்.

எமிலியானுஸ் சனத்தின் பக்கம் திரும்பினார். திரேசம்மாவைத் தேடினார். அவர் முன்னால்தான் நின்றார்.

"பிள்ளை, மேல வா" என்றார் றொஷினியிடம். "நான் சொல்லுறதை மடத்துக்குப் பிரெஞ்சில சொல்லு. ஒண்டும் விடாமல் சொல்லு."

றொஷினி ஏறி நடுவில் நின்றாள்.

"என்ர ஐயா மூப்பர் இல்லை."

றொஷினி வாயைத் திறந்தாள். தகப்பனைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு தாயை.

"சொல்லு" என்றார் திரேசம்மா கீழேயிருந்து.

அவள் சொன்னாள். பிரெஞ்சில் அது சின்ன வசனமாக இருந்தது. மடம் தலையசைக்கவில்லை. எமிலியானுஸை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றார்.

"சவக்காலையில பிரேதம் புதைக்கிற கிடங்கு வெட்டினவர்" என்றார் எமிலியானுஸ். "கோயில் ஆக்கள் எல்லாருக்கும் அவர்தான் வெட்டினவர். கொடியேத்தேக்க எங்கட ஆக்களைக் கோயில் மதிலுக்கு உள்ளுக்க விடமாட்டினம். ரோட்டில நிண்டு பார்த்தனாங்கள். கயிறு தொட்டதெண்டு என்ர சின்னையாவுக்கு அடிச்சவை. கொடியை நான் கையில தூக்கினது இண்டைக்குத்தான்."